1.4 கிலோமீட்டர் கண்ணாடி இழை... மாணவியின் முதல் கட்டுரைக்கே நோபல் பரிசு!

உங்கள் வீட்டிலோ தெருவிலோ பிஹெச்.டி படிப்பவர் யாராவது இருந்தால், படிப்பு எப்படிப் போகிறது என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். பாடத்தைப் பற்றிப் பேசும் முன்பே கைடைப் பற்றிய பேச்சு வந்துவிடும். நான்கைந்து வருட உழைப்பு கரை சேருமா, சேராதா என்பது பெரும்பாலும் அந்த ஒருவர் கையில்தான் இருக்கிறது.

அப்படி ஒரு கைடும் மாணவியும் ஒரு பல்கலைக்கழக ஒளியியல் ஆய்வகத்தில் சேர்ந்து செய்த வேலைதான், 2018-ல் இயற்பியலுக்கான நோபல் பரிசை வாங்கித் தந்தது. அதுவும், அந்த மாணவி எழுதிய முதல் ஆய்வுக் கட்டுரைக்கு!

மாணவிக்குக் கிடைத்த சவால்

டோனா ஸ்ட்ரிக்லேண்ட், 1959-ல் கனடாவின் குவெல்ஃப் நகரில் பிறந்தவர். மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் இன்ஜினீயரிங் ஃபிசிக்ஸ் படித்து 1981-ல் பட்டம் வாங்கினார். லேசர் மேல் இருந்த ஆசை, அவரை அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்கு அழைத்துச் சென்றது. ஒளியியலுக்கென்றே 1929-ல் தனி நிறுவனம் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. அங்கே அவருக்குக் கைடாக அமைந்தவர், பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த ஜெரார்ட் மூரூ.

அப்போது லேசர் உலகமே ஒரு சிக்கலில் மாட்டியிருந்தது. கண நேரமே மின்னும் லேசர் துடிப்பின் சக்தியை ஓரளவுக்கு மேல் கூட்டினால், அந்த ஒளியே கருவிக்குள் இருக்கும் கண்ணாடியைப் பொசுக்கிவிடும். அதைத் தவிர்க்க வேண்டுமென்றால், கருவியைப் பிரமாண்டமாகக் கட்ட வேண்டும். செலவு எகிறும். இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி யோசித்து வைத்திருந்தார் மூரூ. அதைச் செய்து காட்டும் பொறுப்பு ஸ்ட்ரிக்லேண்டிடம் வந்தது.

கோயில் கூட்டத்தில் இருக்கிறது பதில்

திருவிழா நாளில் ஆயிரம் பேர் ஒரே வாசலில் முண்டியடித்தால் என்ன ஆகும்? தடுப்பு உடையும். அதே ஆயிரம் பேரை வரிசையில் விட்டு, ஒவ்வொருவர் கையிலும் பிரசாதம் கொடுத்து, வெளியே மைதானத்தில் மறுபடி ஒன்றுகூடச் சொன்னால்? வாசலும் பிழைக்கும், எல்லோர் கையிலும் பிரசாதமும் இருக்கும்.

லேசரிலும் இதையேதான் செய்தார்கள். லேசர் துடிப்பை நீளமான கண்ணாடி இழைக்குள் அனுப்பினார்கள். நம் வீட்டுக்கு இன்டர்நெட் கொண்டுவருகிறதே, அதே வகை ஃபைபர்தான். அதற்குள் ஒளியின் ஒவ்வொரு நிறமும் வெவ்வேறு வேகத்தில் ஓடுவதால், துடிப்பு வரிசைபோல நீண்டுவிடும். நீண்டு பலவீனமான அந்தத் துடிப்புக்குச் சக்தி ஏற்றினால் கருவிக்கு ஆபத்தில்லை. கடைசியாக, நெருக்கமாகக் கோடுகள் கீறிய 'கிரேட்டிங்' தகடுகளைக் கொண்டு எல்லா நிறங்களையும் மறுபடி ஒன்றாக்கினால், பழையபடி குட்டித் துடிப்பு. ஆனால் சக்தி பல மடங்கு!

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால், 2.5 கிலோமீட்டர் இழையோடு வேலையைத் தொடங்கியபோது, மறுமுனையில் வெளிச்சமே வரவில்லை. இழை நடுவில் எங்கோ முறிந்திருந்தது. பெரும்பாடுபட்டு, கடைசியில் 1.4 கிலோமீட்டர் இழையை வைத்தே சமாளித்தார்கள். துடிப்பை நீட்டும் பகுதியும் சுருக்கும் பகுதியும் ஒன்றுக்கொன்று பொருந்தி வருவதற்கே பெரிய போராட்டம்.

துடிப்பு நிஜமாகவே சுருங்கியதா என்று அளந்து பார்க்க, அதே ஆய்வகத்தில் இருந்த ஸ்டீவ் வில்லியம்சன் ஓர் இரவில் தன்னுடைய அதிவேக கேமராவைத் தள்ளிக்கொண்டு வந்து உதவினார். துடிப்பின் நீளம் வெறும் இரண்டு பைக்கோ விநாடி. ஒரு பைக்கோ விநாடி என்பது, ஒரு விநாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு!

யார் பெயர் முதலில்?

1985-ல் 'ஆப்டிக்ஸ் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் அந்தக் கட்டுரை வெளியானது. மூன்றே பக்கம். எழுதியவர்கள் இரண்டே பேர். முதலில் ஸ்ட்ரிக்லேண்ட் பெயர், அடுத்துதான் கைடின் பெயர்.

33 ஆண்டுகள் கழித்து நோபல் வந்தபோது, பரிசுத்தொகையில் பாதி ஆர்தர் ஆஷ்கினுக்குப் போனது. மீதிப் பாதியைக் கைடும் மாணவியும் சமமாகப் பகிர்ந்துகொண்டார்கள். இயற்பியலில் நோபல் வாங்கிய மூன்றாவது பெண் ஸ்ட்ரிக்லேண்ட். மேரி க்யூரி 1903-ல், மரியா கோப்பர்ட் மேயர் 1963-ல். அதன்பின் 55 ஆண்டு இடைவெளி.

இதில் ஓர் அழகான தொடர்ச்சியும் உண்டு. ஸ்ட்ரிக்லேண்ட் தன் பிஹெச்.டி ஆய்வேட்டில் மேற்கோள் காட்டியவர்களில் ஒருவர், இதே மரியா கோப்பர்ட் மேயர். மரியாவின் அந்த ஆராய்ச்சியும், அவர் மாணவியாக இருந்தபோது மாக்ஸ் பார்ன் வழிகாட்டுதலில் செய்ததுதான்!

கழற்றிய கண்ணாடி

மூரூ பிறகு மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அங்கே 1993-ல் ஒரு விபத்து. லேசர் ஆய்வகத்தில் கருவியைச் சரிசெய்துகொண்டிருந்த ஆராய்ச்சி மாணவர் ஒருவர் பாதுகாப்புக் கண்ணாடியை விலக்கிய நேரத்தில், லேசர் கண்ணில் பட்டுவிட்டது. பரிசோதித்த கண் மருத்துவர் ரான் கர்ட்ஸ் வியந்துபோனார். காயம் அவ்வளவு துல்லியமாக, சுற்றிலும் சேதமின்றி இருந்தது. பிளேடு இல்லாமல் செய்யும் லேசர் கண் அறுவை சிகிச்சைக்கு விதை விழுந்தது அங்கேதான்.

நல்லவேளையாக, நல்லதில் முடிந்தது. ஆனால், எல்லா விபத்தும் இப்படி முடிவதில்லை. ஒளியியல் ஆய்வகத்தில் மாணவருக்குக் கைடு சொல்லித்தர வேண்டிய முதல் பாடம், கண்ணைக் காப்பதுதான்.

சேரும் முன் கேளுங்கள்

உங்கள் வீட்டுப் பிள்ளை பிஹெச்.டி சேரப்போகிறதா? கைடைத் தேர்ந்தெடுக்கும் முன், அவரிடம் ஏற்கெனவே படிக்கும் மாணவர்களிடம் இவற்றையெல்லாம் விசாரிக்கச் சொல்லுங்கள்.

* மாணவர் செய்த வேலைக்கான கட்டுரையில் யார் பெயர் முதலில் வருகிறது?
* சோதனை தோற்றால் கைடு கூட நின்று யோசிப்பாரா, திட்டிவிட்டுப் போய்விடுவாரா?
* கருவியைத் தொடும் முன் பாதுகாப்புப் பயிற்சி உண்டா?
* முன்பு அவரிடம் படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?

கைடு எவ்வளவு பெரிய ஆள் என்பதைவிட, இந்த நான்கு பதில்கள் முக்கியம்.

ஸ்ட்ரிக்லேண்ட் 1997-ல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்து, அதிவேக லேசர்களுக்கான ஆய்வுக் குழுவை நடத்தினார். ஒருகாலத்தில் இழையின் மறுமுனையில் வெளிச்சம் வராமல் தவித்த மாணவி, அங்கே மற்ற மாணவர்களுக்குக் கைடு!