ஊர் எல்லையின் நாய்களும் உள்ளாட்சியும்

ஐரோப்பாவின் நடுப்பகுதியில் அமைந்துள்ள சிறிய நாடு ஸ்லோவாக்கியா. அதன் கிழக்கு மாவட்டங்களில் உள்ள சிற்றூர்கள் பலவற்றில், ஊர் முடிந்தபின் ஓர் ஓடையோ வயல்வெளியோ குறுக்கிடும். அதைக் கடந்தால் வேறொரு குடியிருப்பு தொடங்கும். பலகை, தகரம், செங்கல் என்று கிடைத்தவற்றைக் கொண்டு மக்கள் தாமே எழுப்பிய வீடுகள் அங்கு நெருங்கி நிற்கும். சில இடங்களில் பல குடும்பங்களுக்கு ஒரே குடிநீர்க் குழாய்தான் உண்டு. வாயில்களில் கட்டப்பட்டும் தெருவில் திரிந்தும் நாய்கள் பல காணப்படும். இக்குடியிருப்புகளில் வாழ்வோர் ரோமா இன மக்கள்.

ரோமா மக்களின் முன்னோர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் வடமேற்குப் பகுதியிலிருந்து புறப்பட்டு, பாரசீகம், ஆர்மீனியா, பைசாந்தியப் பேரரசு வழியாக ஐரோப்பாவை அடைந்தவர்கள். இதற்கு அவர்கள் பேசும் ரோமானி மொழியே பெருஞ்சான்று. நீர் அம்மொழியில் ‘பானி’, காது ‘கான்’, மனிதன் ‘மனுஷ்’. இந்தி அறிந்த மாணவருக்கு இச்சொற்கள் அயலாகத் தோன்றமாட்டா. நாய்க்கு மட்டும் ‘ஜுகேல்’ என்னும் சொல் வழங்குகிறது. ஐரோப்பாவில் இன்று ஒரு கோடிக்கும் மேற்பட்ட ரோமா மக்கள் வாழ்வதாக மதிப்பிடப்படுகிறது. ஸ்லோவாக்கியாவில் மட்டும் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் உள்ளனர். அவர்கள் அனைவரும் ஊர் எல்லையில் வாழ்பவர் அல்லர். ஏனையோருடன் கலந்து நகரங்களில் வாழ்வோரும் பலர். இங்குப் பேசப்படுவது ஒதுக்கப்பட்ட குடியிருப்புகளைப் பற்றி மட்டுமே.

இக்குடியிருப்புகளின் நாய்களைக் காணும் வெளியார், “இம்மக்களுக்கு விலங்குகளிடம் இரக்கம் இல்லை” என்று எளிதில் முடிவு கட்டிவிடுகின்றனர். மெலிந்த உடல், சொறி பிடித்த தோல், கழுத்தை அறுக்கும் கயிறு ஆகியன கண்முன் இருக்கும்போது அவ்வாறு தோன்றுவது இயல்பே. ஆயினும் அம்முடிவு பிழையானது. சான்றாக, நாயை வீட்டுக்குள் சேர்க்காத வழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். ரோமா பிரிவினர் சிலரிடம் தூய்மை பற்றிய பழைய நெறிகள் உறுதியாக உள்ளன. தன் உடலைத் தானே நக்கும் விலங்கு அந்நெறிப்படி வீட்டுக்குள் வரத்தகாதது. வாயிலோடு நிறுத்தப்படும் அந்த நாய்க்கும் பெயர் உண்டு. குடும்பம் உண்பதில் பங்கும் உண்டு. நம் நாட்டுச் சிற்றூர்களிலும் இவ்வழக்கம் புதியதன்று.

உண்மையான தடைகள் வேறு இடத்தில் உள்ளன. ஸ்லோவாக்கியச் சட்டப்படி நாய்க்கு ரேபிஸ் எனப்படும் வெறிநோய்த் தடுப்பூசி போடவேண்டும். ஊராட்சி அலுவலகத்தில் அதைப் பதிவு செய்யவேண்டும். அரிசிமணி அளவேயான மைக்ரோசிப்பை அதன் தோலுக்கடியில் பொருத்தவேண்டும். அதில் உள்ள 15 இலக்க எண்ணைக் கொண்டு உரிமையாளர் யார் என்று அறியலாம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட நாய்க்கு ஊராட்சி வரி விதிக்கலாம். விதிகள் அனைவருக்கும் பொதுவானவைதான். ஆனால் கால்நடை மருத்துவர் பக்கத்து நகரில் இருப்பார். வாய்க்கூடு இல்லாத நாயைப் பேருந்தில் ஏற்றமாட்டார்கள். அனுமதியின்றிக் கட்டிய வீட்டுக்குக் கதவெண் இராது. வீடு நிற்கும் நிலமோ வேறொருவர் பெயரில் இருக்கும். தமக்கே ஒழுங்கான முகவரி இல்லாத குடும்பத்தினர் நாயை எந்த முகவரியில் பதிவு செய்வர்? பதிவு செய்தால் வரி கேட்பார்களோ என்ற அச்சமும் சேரும்போது, நாய் மறைத்தே வளர்க்கப்படுகிறது. மறைத்து வளர்க்கும் நாய்க்குத் தடுப்பூசி எட்டுவதில்லை.

நாய்கள் பெருகிவிட்டன என்று முறையீடு எழும்போது ஊராட்சிகள் முதலில் நாடுவது நாய் பிடிப்போரையே. திரியும் விலங்குகளைப் பிடிக்க ஏற்பாடு செய்வது அவற்றின் சட்டக் கடமையுமாகும். எனினும் பிடித்துச் செல்வதால் மட்டும் எண்ணிக்கை குறைவதில்லை. நாயின் சூல்காலம் ஏறத்தாழ 63 நாள். ஒரு பெண் நாய் ஆண்டுக்கு இருமுறை வரை ஈனக்கூடும். ஓர் ஈற்றில் ஐந்தாறு குட்டிகள் பிறப்பது இயல்பு. பிடிபட்டவற்றின் இடத்தை எஞ்சியவற்றின் குட்டிகள் விரைவில் நிரப்பிவிடும். இதற்கு நிலைத்த வழி கருத்தடை அறுவை சிகிச்சையே.

இவ்விடத்தில்தான் மிகுந்த கவனம் வேண்டும். ஏனெனில் ‘கருத்தடை’ என்னும் சொல்லே ரோமா மக்களிடையே ஆறாத புண்ணைத் தொடுவதாகும். 18ஆம் நூற்றாண்டில் ஹாப்ஸ்பர்க் அரசி மரியா தெரேசாவின் ஆட்சியில், ரோமா குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வேறு குடும்பங்களில் வளர்க்க ஆணையிடப்பட்டது. 20ஆம் நூற்றாண்டில் செக்கோஸ்லோவாக்கியாவிலும், அந்நாடு பிரிந்த பின்னருங்கூட, ரோமா பெண்கள் பலருக்கு முறையான ஒப்புதல் பெறாமலே மருத்துவமனைகளில் கருத்தடை செய்யப்பட்டது. அவ்வாறு பாதிக்கப்பட்ட பெண் ஒருவரின் வழக்கில், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2011இல் ஸ்லோவாக்கியாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அந்நாட்டு அரசு 2021இல் மன்னிப்புக் கோரியது. இத்தகைய வரலாற்றை உடைய தெருவில் அரசு வண்டி ஒன்று வந்து நின்று, “உங்கள் நாய்களைக் கொடுங்கள், கருத்தடை செய்து தருகிறோம்” என்றால் கதவுகள் மூடிக்கொள்வதில் வியப்பென்ன? நாய்க்குச் செய்யும் நன்மையும் அதை வளர்ப்பவரின் ஒப்புதல் வழியாகவே செல்லவேண்டும்.

ஆகவே முகாம் நடைபெறுவதற்குப் பல நாள் முன்னரே வேலை தொடங்கவேண்டும். இதற்கு முன்மாதிரி மக்கள் நலத்துறையில் ஏற்கெனவே உண்டு. ருமேனியாவில் 2002 முதல் நலவாழ்வு இணைப்பாளர் என்னும் பணி அரசின் ஏற்பைப் பெற்றுள்ளது. ஸ்லோவாக்கியாவிலும் இத்தகையோர் பணிபுரிகின்றனர். அதே சமூகத்தைச் சேர்ந்த இவர்கள் வீடு வீடாகச் சென்று தாய்மாருக்குத் தடுப்பூசி பற்றி எடுத்துரைப்பர். நாய்நலப் பணிக்கும் இத்தகைய ஒருவரே உரியவர். எத்தனை நாய்கள் உள்ளன, அவற்றுள் பெண் எத்தனை, எது கடிக்கும் என்பதையெல்லாம் அவர் கேட்டறிவார். அறுவை சிகிச்சை என்றால் என்ன, நாய்க்கு வலிக்குமா, மாலையில் திரும்பக் கிடைக்குமா என்ற வினாக்களுக்கு விடை சொல்வார். வேண்டாம் என்பவரிடம் வற்புறுத்தாமல், தடுப்பூசிக்கு மட்டுமாவது வருமாறு அழைப்பார். ஆண் நாய்க்கு அறுவை செய்தால் அதன் வீரம் போய்விடும் என்று மறுப்போர் உண்டு. இந்த நம்பிக்கை ரோமா மக்களுக்கு மட்டும் உரியதன்று.

ஊராட்சியின் பங்கு பெருஞ்செலவு உடையதாக இருக்கவேண்டியதில்லை. சமூகக் கூடத்தை ஒரு நாளுக்குத் திறந்துவிடலாம். மின்சாரமும் வெந்நீரும் தரலாம். பதிவு எழுத்தரை முகாமிலேயே அமர்த்தலாம். நாய்வரி உள்ளூர் வரி ஆதலின், கருத்தடை செய்த நாய்களுக்கு வரிவிலக்கு அளிக்க ஊராட்சி மன்றமே விதி இயற்றலாம். இந்த ஒரு விதி, மறைந்திருக்கும் நாய்களை வெளிக்கொணர்வதில் பத்து எச்சரிக்கை அறிவிப்புகளை விடப் பயன் தரும்.

முகாமுக்கு ஏற்ற பருவம் வசந்தமும் இலையுதிர் காலத் தொடக்கமுமே. கிழக்கு ஸ்லோவாக்கியாவின் குளிர்காலத்தில் தண்ணீர்ச் சட்டியே உறைந்துவிடும். அறுவை முடிந்த நாய்க்கு ஏறத்தாழ பத்து நாள் உலர்ந்த இடம் தேவை. நாயை உள்ளே சேர்க்காத வீட்டில் அதற்குக் குடில் வேண்டும். குடிலுக்குள் பழைய போர்வையை இடுவதே பலரது வழக்கம். அது ஈரத்தை உறிஞ்சிப் பனியில் விறைத்துவிடும். வைக்கோலோ ஈரத்தை வடியவிட்டுச் சூட்டைக் காக்கும். எனவே அறுவை முடிந்த நாயோடு ஒரு கட்டு வைக்கோலும் கொடுத்தனுப்புவது நன்று. கழுத்தை அறுக்கும் கயிற்றுக்கு மாற்றாக அகன்ற பட்டையும், குடற்புழு நீக்க மருந்தும் உடன் தரப்படவேண்டும். நாயின் குடலில் உள்ள உருளைப்புழுவின் முட்டைகள் மண்ணில் கலக்கும். அம்மண்ணில் விளையாடும் குழந்தைகளின் கண்ணையும் ஈரலையும் அவை தாக்கக்கூடும். அம்மருந்து நாய்க்கு மட்டுமன்றிக் குழந்தைக்கும் காப்பாகிறது.

வெறிநோயைப் பொறுத்தவரை, நரிகளுக்காக வானூர்தியிலிருந்து தடுப்புமருந்து அடங்கிய இரைகளைக் காடுகளில் தூவும் ஏற்பாடு ஸ்லோவாக்கியாவில் உண்டு. காட்டு நரியையும் எட்டும் மருந்து, ஓடைக்கு அப்பால் கட்டப்பட்டிருக்கும் நாயை எட்டாமலிருப்பது பொருந்தாது.

முகாம் முடிந்ததும் எத்தனை அறுவைகள் நடந்தன என்று கணக்கெடுப்பர். அக்கணக்கு வேண்டியதே. அடுத்த முறை வண்டி வரும்போது, யாரும் கதவைத் தட்டி அழைக்காமலே எத்தனை பேர் தம் நாயைக் கையிற் பிடித்துக் கூடத்து வாயிலில் வந்து நிற்கின்றனர் என்பதையும் எழுத்தர் குறித்துவைக்க வேண்டும்.