செவிலியரும் துணைநிற்கும் மருத்துவரும்

கிராமத்தில் நோயுற்றவர் முதலில் காண்பது பெரும்பாலும் டாக்டரை அன்று, செவிலியரையே. இது நமது நாட்டுக்கு மட்டும் உரிய நிலை என்று எண்ண வேண்டுவதில்லை. செல்வத்திலும் விஞ்ஞானத்திலும் முன்னேறிய அமெரிக்க ஐக்கிய நாட்டிலும், விவசாயிகள் வாழும் சிற்றூர்களில் டாக்டர்கள் போதிய அளவில் இல்லை. அங்கும் அவர்கள் நகரங்களையே நாடுகின்றனர். இக்குறையை ஈடு செய்ய அந்நாட்டார் கண்ட வழி யாது, அதில் விளைந்த நன்மையும் இடையூறும் எவை, நமது பஞ்சாயத்துகள் அதிலிருந்து அறியத்தக்கது என்ன என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

தொடக்கம்

1925-ஆம் ஆண்டில் கென்டக்கி மாநிலத்து மலைப்பகுதியில் மேரி பிரெக்கின்ரிட்ஜ் என்ற அம்மையார் ஒரு செவிலியர் அமைப்பைத் தொடங்கினார். சாலைகள் இல்லாத அப்பகுதியில் செவிலியர்கள் குதிரை மீதேறிச் சென்று பிரசவம் பார்த்தனர்; நோயாளிகளையும் கவனித்தனர். எந்த நிலையில் எதைச் செய்யலாம் என்பதை டாக்டர்கள் குழு ஒன்று அவர்களுக்கு எழுதிக் கொடுத்திருந்தது.

1965-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும், ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் இணைந்து ஒரு புதிய பயிற்சியை ஏற்படுத்தினர். அதில் தேர்ந்தவர்கள் 'நர்ஸ் பிராக்டிஷனர்' என்று பெயர் பெற்றனர். நாம் இவர்களைச் சிகிச்சைச் செவிலியர் என்று குறிப்பிடுவோம். இவர்கள் நோயாளியைப் பரிசோதித்து, நோயைக் கண்டறிந்து, மருந்தும் எழுதித் தருகின்றனர். இன்று இத்தகுதியைப் பெற, பதிவு பெற்ற செவிலியராக இருப்பதோடு, முதுகலைப் பட்டமோ அதனினும் உயர்ந்த பட்டமோ பெற்று, தேசிய அளவிலான தேர்விலும் வெற்றி பெற வேண்டும்.

சட்டத்தின் ஏற்பாடு

இவர்கள் தனித்துச் சிகிச்சை செய்யலாமா என்பதை அங்கு ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே முடிவு செய்கிறது. அரிசோனா, ஓரிகன் போன்றவற்றையும் சேர்த்துப் பாதிக்கு மேற்பட்ட மாநிலங்கள் முழு அதிகாரம் வழங்கியுள்ளன. அவற்றுள் சில, குறிப்பிட்ட காலம் அனுபவம் பெற்ற பின்னரே அதனை அளிக்கின்றன. ஏனைய மாநிலங்களில், ஒரு டாக்டருடன் எழுத்து மூலமான உடன்படிக்கை இன்றிச் சிகிச்சையிலோ, மருந்து எழுதுவதிலோ ஈடுபட இயலாது. அவ்வாறு உடன்படும் டாக்டரையே துணைநிற்கும் மருத்துவர் என்கிறோம். டெக்ஸாஸ் மாநிலம் 2013-இல் இதற்கெனச் சட்டம் இயற்றியது. அதன்படி, ஒரு டாக்டர் பொதுவாக 7 பேருக்கு மேல் மருந்து எழுதும் அதிகாரத்தைப் பகிர்ந்தளிக்க முடியாது.

டாக்டரைத் தேடும் முறை

ஆஸ்பத்திரியில் பணியாற்றும் சிகிச்சைச் செவிலியருக்குத் துணைநிற்கும் டாக்டரை நிர்வாகமே ஏற்பாடு செய்துவிடும். சிற்றூரில் தாமே சிகிச்சை நிலையம் தொடங்க விரும்புபவருக்கே தொல்லை எழுகிறது. அவர் முதலில் தமக்குப் பழக்கமான டாக்டர்களை அணுகுகிறார். முன்பு உடன் வேலை செய்தவர்களும், பயிற்சிக் காலத்தில் கற்பித்தவர்களும் அவருடைய திறமையை நேரில் அறிவார்கள் அல்லவா? அது கைகூடாவிடில் செவிலியர் சங்கங்களின் வாயிலாகத் தேடுகிறார். கட்டணம் பெற்றுக்கொண்டு இருவரையும் இணைத்து வைக்கும் நிறுவனங்களும் அங்கு உள்ளன.

ஒருவர் கிடைத்தவுடன் கையொப்பம் வாங்கிவிடுவது அறிவுடைமை ஆகாது. டாக்டரின் உரிமம் நடப்பில் உள்ளதா, அவர்மீது ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்பவற்றை மாநில மருத்துவ வாரியத்தின் பதிவேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். குழந்தைகளுக்குச் சிகிச்சை செய்யும் செவிலியருக்குக் குழந்தை மருத்துவமோ, குடும்ப மருத்துவமோ அறிந்தவரே ஏற்றவர். எலும்பு முறிவு நிபுணரால் அவருக்குப் பெரும் பயன் விளையாது.

உடன்படிக்கையில் இருக்க வேண்டுவன

நல்ல உடன்படிக்கை பின்வருவனவற்றைத் தெளிவாகக் கூறும். செவிலியர் கவனிக்கும் நோய்கள் எவை? எழுதக்கூடிய மருந்துகள் எவை? எந்த நிலையில் டாக்டரைத் தொலைபேசியில் கேட்க வேண்டும்? எந்த நிலையில் நோயாளியை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்? நோயாளிகளின் குறிப்பேடுகளை டாக்டர் எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை பார்வையிடுவார்? அவர் விடுமுறையில் சென்றால் பதிலாள் யார்? ஊதியம் எவ்வளவு? ஒருவர் விலக விரும்பினால் எத்தனை நாள் முன்னதாக அறிவிக்க வேண்டும்?

கடைசி வினா சிறிதன்று. உடன்படிக்கை கட்டாயமாக உள்ள மாநிலத்தில், துணைநிற்கும் டாக்டர் ஓய்வு பெற்றாலோ, காலமானாலோ, வேறிடம் சென்றாலோ, மற்றொருவர் கிடைக்கும் வரையில் செவிலியரின் பணி தடைப்படும். ஊரில் இருந்த ஒரே சிகிச்சை நிலையம் மூடப்பட்டால், அல்லற்படுபவர் அவ்வூர் மக்களே.

இருவேறு கருத்துகள்

உடன்படிக்கையைக் கட்டாயமாக்குவது தகுமா என்பது பற்றி அந்நாட்டில் நெடுங்காலமாக விவாதம் நடந்து வருகிறது. டாக்டரின் கல்வியும் பயிற்சியும் நீண்டவை. சிக்கலான நோயில் அவருடைய மேற்பார்வையே நோயாளிக்குப் பாதுகாப்பு என்று டாக்டர் சங்கங்கள் வாதிடுகின்றன. எங்கோ இருந்துகொண்டு மாதந்தோறும் பணம் பெற்று, நோயாளிகளின் குறிப்பேட்டையே காணாத டாக்டரின் கையொப்பத்தால் என்ன பாதுகாப்பு என்று செவிலியர்கள் வினவுகின்றனர். 2020-இல் கொரோனா நோய் பரவியபோது சில மாநிலங்கள் இக்கட்டுப்பாடுகளைத் தற்காலிகமாகத் தளர்த்தின.

இவ்விரு வாதங்களையும் நோக்குங்கால் ஓர் உண்மை புலனாகிறது. நோயாளியைக் காப்பது கையொப்பம் அன்று. கேட்டவுடன் பதில் சொல்லும் டாக்டரும், கேட்க வேண்டிய வேளையை அறிந்த செவிலியருமே அவரைக் காக்கின்றனர்.

நமது நாட்டு நிலை

நமது நாட்டின் ஏற்பாடு வேறானது. சமவெளியில் 5,000 மக்களுக்கு ஒரு துணை சுகாதார நிலையமும், 30,000 மக்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையமும் என்பது அளவுகோல். 2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின்கீழ், துணை நிலையங்கள் நலவாழ்வு மையங்களாக மேம்படுத்தப்பட்டு, பயிற்சி பெற்ற செவிலியர்கள் இடைநிலை சுகாதாரப் பணியாளர்களாக நியமிக்கப்பட்டனர். இவர்களுக்கு அமெரிக்கச் சிகிச்சைச் செவிலியருக்குள்ள தனி அதிகாரம் இல்லை என்பதை அன்பர்கள் மனத்திற்கொள்ள வேண்டும். ஆயினும் துணைநிற்கும் டாக்டரைத் தேடி அலையும் தொல்லையும் இவர்களுக்கு இல்லை. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரே அப்பொறுப்பில் இருக்கிறார். தொலைதூர டாக்டரிடம் ஆலோசனை பெற இ-சஞ்சீவனி என்னும் ஏற்பாடும் உண்டு. நமது மாநிலத்தில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்', இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மருந்துகளை வீட்டு வாயிலுக்கே கொண்டு சேர்க்கிறது.

ஒரு விவசாயிக்கு இரத்த அழுத்தம் எனக் கொள்வோம். மாதந்தோறும் மாத்திரை வீட்டுக்கு வருகிறது. ஆயினும் அழுத்தம் குறையவில்லை, கால் வீங்குகிறது. இதனைச் செவிலியர் குறித்துக்கொண்டு டாக்டருக்குத் தெரிவித்தால் மருந்து மாற்றப்படும்; சிறுநீரகம் பரிசோதிக்கப்படும். தெரிவிக்க வழி இல்லையேல், வீடு தேடி வரும் அதே மாத்திரை அவரை ஏமாற்றும் பொருளாகிவிடும்.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

மருத்துவம் பஞ்சாயத்தின் வேலை அன்று. இத்தொடர்பு அறுபடாமல் காப்பது அதன் வேலையே. கிராம சுகாதாரக் குழு கூடும்போது அங்கத்தினர்கள் சில வினாக்களை எழுப்பலாம். மையத்தில் தொலைபேசித் தொடர்பு ஒழுங்காகக் கிடைக்கிறதா? மருத்துவ அலுவலர் விடுமுறையில் இருக்கும்போது செவிலியர் யாரைக் கேட்பார்? மேல் சிகிச்சைக்குச் சென்று திரும்பியவரின் சீட்டு செவிலியரிடம் வந்து சேருகிறதா? 108 வாகனம் மழைக்காலத்திலும் வந்து செல்லப் பாதை உண்டா? குறை காணின் தீர்மானமாக எழுதி உரிய அலுவலருக்கு அனுப்புதல் நலம்.

விவசாயிகளுக்கும் ஒரு கடமை உண்டு. டாக்டர் தந்த சீட்டையும், உண்ணும் மாத்திரைகளின் அட்டையையும் செவிலியரிடம் தவறாது காட்ட வேண்டும். பாம்புக்கடி, பூச்சிமருந்து நஞ்சு, நெஞ்சு வலி ஆகியவற்றில் 'ஏன் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறீர்கள்?' என்று செவிலியரிடம் வாதிட்டுக் காலங்கடத்தலாகாது. தம்மால் இயலாததை அறிந்து உடனே அனுப்புவதும் அவருடைய திறமையே.

அமெரிக்கச் சிற்றூரில் ஒரு செவிலியர் பணம் கொடுத்துத் தேடிப் பெறும் துணையை, நமது செவிலியருக்கு அரசாங்கமே நியமித்துத் தந்துள்ளது. அத்துணை ஏட்டளவில் நிற்காமல் நாள்தோறும் பயன்படுமாறு பார்த்துக்கொள்ளும் பொறுப்பில், கிராம மக்களாகிய நமக்கும் பங்கு உண்டு.