ரீஃப்ரைடு பீன்ஸ்... பயறில் இல்லாத குளூட்டன் தட்டுக்கு எப்படி வருகிறது?

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு, வெளியே சாப்பிடப் போனால் கைகொடுப்பது மெக்சிகன் ஹோட்டல்தான். அங்கே சாதம் இருக்கும், காரம் இருக்கும், பயறு இருக்கும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் ஏதாவது கிடைத்துவிடும்.

ஆனால், அந்த மேஜையில் சீலியாக் நோயுள்ள குழந்தை ஒன்று உட்கார்ந்திருந்தால் கதையே வேறு. ''அம்மா, இது நான் சாப்பிடலாமா?'' என்று அது கைகாட்டுவது, தட்டின் ஓரத்தில் பழுப்பு நிறத்தில் மசித்து வைத்திருக்கும் ரீஃப்ரைடு பீன்ஸை. பயறுதானே, இதில் கோதுமை எங்கே வரப்போகிறது என்று நினைத்து, ''சாப்பிடு கண்ணா'' என்று அம்மா சொல்லிவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். பயறில் குளூட்டன் இல்லை என்பது உண்மை. ஆனால், அந்தத் தட்டில் இருப்பது வெறும் பயறுதானா என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டு முறை வறுப்பதில்லை!

பீன்ஸ் என்றதும் நமக்குப் பொரியலுக்கு நறுக்கும் பச்சைக்காய்தான் நினைவுக்கு வரும். மெக்சிகோவில் இந்த உணவுக்குப் பெரும்பாலும் பயன்படுவது பின்ட்டோ பீன்ஸ் அல்லது கறுப்பு பீன்ஸ் என்ற காய்ந்த பயறு. பின்ட்டோவும், கறுப்பு பீன்ஸும், நம் கடைகளில் விற்கும் ராஜ்மாவும், பொரியல் பீன்ஸும் எல்லாமே ஒரே தாவர இனம். அமெரிக்கக் கண்டத்தில் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பயிரிடப்பட்டு, பிறகு உலகம் முழுவதும் பரவியவை.

பயறை வேகவைத்து, கொழுப்பில் வெங்காயம், பூண்டு வதக்கி, அதில் போட்டு மசித்துச் சுருள வதக்கினால் ரீஃப்ரைடு பீன்ஸ் தயார். ஸ்பானிஷ் மொழியில் இதன் பெயர் ஃப்ரிஹோலெஸ் ரெஃப்ரீத்தோஸ். மெக்சிகோ வழக்கில் 'ரெ' என்ற முன்னொட்டுக்கு 'நன்றாக' என்று பொருள். அதாவது, 'நன்றாக வதக்கிய பயறு'. ஆங்கிலத்தில் அது 'மறுபடியும் வறுத்த பயறு' என்று ஆகிவிட்டது.

பாரம்பரியமாக இதில் சேர்க்கும் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு. அதில் குளூட்டன் இல்லை. ஆனால், சைவம் சாப்பிடுகிறவர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான்.

கொஞ்சம்தானே என்று விட முடியாது

குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதம். சப்பாத்தி மாவு இழுத்தால் அறுந்துபோகாமல் வருவதற்குக் காரணம் இதுதான். பெரும்பாலானவர்களுக்கு இதனால் எந்தத் தொல்லையும் இல்லை. சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு மட்டும், குளூட்டன் உள்ளே போனதும் உடலின் எதிர்ப்பு சக்தி தன் சிறுகுடலையே தாக்க ஆரம்பிக்கிறது. உணவுச் சத்தை உறிஞ்சும் குடல் உறிஞ்சிகள் தேய்ந்துபோகின்றன. வயிற்றுப்போக்கு, ரத்தசோகை, குழந்தைகளுக்கு வளர்ச்சிக் குறைவு எனப் பாதிப்புகள் தொடர்கின்றன.

உலகில் ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறது. இந்தியாவில் கோதுமை அதிகம் சாப்பிடும் வட மாநிலங்களில் கூடுதலாகவும், அரிசி சாப்பிடும் தென் மாநிலங்களில் மிகக் குறைவாகவும் காணப்படுகிறது.

கோதுமைதான் வில்லன் என்று கண்டுபிடித்தவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. இரண்டாம் உலகப்போரின்போது, 1944-45 குளிர்காலத்தில் அந்த நாட்டில் கடும் பஞ்சம். ரொட்டி கிடைக்கவில்லை. ஆனால், சீலியாக் நோயுள்ள குழந்தைகளின் உடல்நிலை தேறியது. ரொட்டி திரும்பக் கிடைத்ததும் மோசமானது. ஏற்கெனவே அவருக்கு இருந்த சந்தேகம் இதனால் உறுதியானது.

இன்றுவரை இதற்கு மாத்திரை இல்லை. வாழ்நாள் முழுவதும் குளூட்டனைத் தவிர்ப்பது மட்டுமே சிகிச்சை. ரொட்டித் துணுக்கு அளவுகூட, தினமும் உள்ளே போனால் குடலைப் பாதிக்கும்.

பயறுக்குள் கோதுமை நுழையும் வழிகள்

கெட்டிப்படுத்தும் மாவு: நன்கு மசித்த பயறு தானாகவே கெட்டியாகும். ஆனாலும், சில சமையலறைகளில் மைதா கரைத்து ஊற்றுவது உண்டு. மேலே ஊற்றும் சில சாஸ்களிலும் இதே கதைதான்.

மற்ற சேர்மானங்கள்: பயறோடு சேர்க்கும் சோரிசோ என்ற கொத்துக்கறி சாஸேஜில், சில தயாரிப்புகளில் ரொட்டித்தூள் போன்றவை இருக்கலாம். 'போராச்சோஸ்' என்ற பெயரில் வரும் பயறில் பீர் ஊற்றியிருப்பார்கள். பீர் என்றால் பெரும்பாலும் பார்லி.

ஒரே கரண்டி, ஒரே எண்ணெய்: மெக்சிகன் சமையலில் மக்காச்சோள டார்ட்டில்லாவும் உண்டு, மைதா டார்ட்டில்லாவும் உண்டு. மைதா ரொட்டியில் தடவிய அதே கரண்டியைப் பயறுப் பாத்திரத்தில் போட்டால் போதும். மைதா பண்டங்களைப் பொரித்த எண்ணெயிலேயே சோள சிப்ஸைப் பொரித்தால், அந்த சிப்ஸும் ஆகாது.

வயலிலிருந்தே வருவது: பயறும் கோதுமையும் ஒரே வயலில் மாறி மாறி விளையும், ஒரே வண்டியில், ஒரே கிடங்கில் போகும். அதனால் காய்ந்த பயறில் ஒன்றிரண்டு கோதுமை மணிகள் கலந்திருக்கலாம். முறத்தில் போட்டுப் பொறுக்கி, இரண்டு மூன்று முறை கழுவினால் இந்தக் கவலை குறையும்.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

அமெரிக்காவில் விற்கும் டப்பா உணவில் கோதுமை சேர்த்திருந்தால் லேபிளில் கட்டாயம் சொல்ல வேண்டும். 2006 முதல் இந்தச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஆனால், பார்லியும் ரையும் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால், 'கோதுமை இல்லை' என்பதும் 'குளூட்டன் இல்லை' என்பதும் ஒன்றல்ல.

'குளூட்டன் ஃப்ரீ' என்று அச்சிட்டிருந்தால், ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கும் குறைவான குளூட்டன்தான் இருக்க வேண்டும். இந்தியாவிலும் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் வரம்பு 20 மில்லிகிராம்தான்.

ஹோட்டலில் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

1. பயறில் மாவு, பீர், சாஸேஜ் ஏதாவது சேர்க்கிறீர்களா?
2. பயறு இங்கே செய்ததா, டப்பாவா? டப்பா என்றால் அதன் லேபிளைப் பார்க்கலாமா?
3. அதற்குத் தனிக் கரண்டி இருக்கிறதா?
4. சிப்ஸ் பொரிக்கும் எண்ணெயில் மைதா பண்டங்களும் பொரிக்கிறீர்களா?

பரிமாறுகிறவருக்குத் தெரியவில்லை என்றால் சமையல்காரரிடம் கேட்டு வரச் சொல்லலாம். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. தெளிவான பதில் வரவில்லை என்றால், அன்றைக்கு அந்த உணவு வேண்டாம்.

நம் அஞ்சறைப் பெட்டியிலும்...

இட்லி, தோசை, சாம்பார், ரசம்... எல்லாம் அரிசியும் பருப்பும்தானே என்று நிம்மதியாக இருப்பவர்களும் ஒரு டப்பாவைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அது பெருங்காயம். கடைகளில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பிசினோடு கோதுமை மாவு அல்லது மைதா கலந்திருப்பது சகஜம். சாம்பாரில் ஒரு சிட்டிகை, ரசத்தில் ஒரு சிட்டிகை என்று தினமும் உள்ளே போகும். அரிசி மாவு கலந்த, குளூட்டன் இல்லை என்று குறிப்பிட்ட பெருங்காயமும் கிடைக்கிறது. அதை வாங்கலாம்.

வீட்டிலேயே செய்யலாம்

ஒரு கப் ராஜ்மாவைப் பொறுக்கிக் கழுவி, 8 மணி நேரம் ஊறவையுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றி, குக்கரில் குழைய வேகவிடுங்கள். 2 டேபிள்ஸ்பூன் எண்ணெயில் சீரகம், பொடியாக நறுக்கிய வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய் வதக்கி, வெந்த ராஜ்மாவைச் சேர்த்து மத்தால் மசியுங்கள். வெந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, உப்பு போட்டுச் சுருளக் கிளறி இறக்கினால் போதும். மாவே தேவையில்லை. சோறு, தோசை, மக்காச்சோள ரொட்டி எதனுடனும் சேரும்.

ராஜ்மா அரைவேக்காடாக இருக்கக் கூடாது. வேகாத ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்ற பொருள் வாந்தி, வயிற்றுப்போக்கை வரவழைக்கும்.

கோதுமையைக் கைவிட்டவர்களுக்கு நார்ச்சத்து குறைந்துபோவது வழக்கம். சீலியாக் உள்ளவர்களுக்கு இரும்புச்சத்து, ஃபோலேட் குறைபாடும் சகஜம். இவை எல்லாம் பயறில் இருக்கின்றன. அதனால் பயத்தில் பயறையே ஒதுக்கிவிடுவது நஷ்டம்.

வயிறு சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம்

பயறு சாப்பிட்டு வயிறு உப்பினால், அது குளூட்டன்தான் என்று முடிவு கட்ட வேண்டாம். பயறுக்கே வாயு உண்டாக்கும் குணம் உண்டு. அதேபோல, ஒன்றும் செய்யவில்லை என்பதற்காகக் குளூட்டன் உள்ளே போகவில்லை என்றும் சொல்ல முடியாது. சிலருக்கு வெளியே தெரியாமலே குடல் பாதிக்கப்படும்.

சந்தேகம் இருந்தால் ரத்தப் பரிசோதனை உண்டு. தேவைப்பட்டால் எண்டோஸ்கோபி செய்து சிறுகுடலிலிருந்து திசு எடுத்துப் பார்ப்பார்கள். ஆனால், பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிட்டால் முடிவு தவறாக வரக்கூடும். முதலில் மருத்துவர், பிறகுதான் பத்தியம்.

மெக்சிகன் ஹோட்டல் மேஜையில் காத்திருக்கும் அந்தக் குழந்தைக்கு அம்மா சொல்ல வேண்டிய பதில், 'சாப்பிடு' என்பதும் இல்லை, 'கூடாது' என்பதும் இல்லை. ''ஒரு நிமிஷம் இரு கண்ணா, கேட்டுட்டு சொல்றேன்'' என்பதுதான். சில வருடங்களில் அந்தக் குழந்தை நண்பர்களோடு தனியாகச் சாப்பிடப் போகும். அன்றைக்கு அதுவே கேட்கப் பழகியிருக்கும்.