ஆசியான் சட்டத்தின் முன் ஓர் ‘ஆள்’ ஆனது எப்போது?

மாணவர்களே, அனைத்துலக அமைப்புகள் எல்லாம் ஒரே வகையல்ல. அம்னெஸ்டி இன்டர்நேஷனலில் தனிமனிதர்கள் சேரலாம். அது அரசு சாரா அமைப்பு. ஆசியானில் நாடுகள் மட்டுமே உறுப்பினர்கள்; அது அரசாங்கங்களுக்கிடையிலான அமைப்பு.

மலேசியா, சிங்கப்பூர் உட்பட ஐந்து நாடுகள் 1967 ஆகஸ்டு 8ஆம் தேதி பேங்காக்கில் ஆசியானைத் தொடங்கின. அப்போது கையெழுத்தானது ஓர் அறிவிப்புதான். 2008 டிசம்பர் 15ஆம் தேதி நடப்புக்கு வந்த ஆசியான் சாசனமே அதற்குச் சட்ட ஆளுமையை வழங்கியது. அதாவது, ஆசியான் தன் பெயரிலேயே ஒப்பந்தம் செய்யலாம், சொத்து வாங்கலாம், வழக்குத் தொடுக்கலாம்.

ஆனால், அது உறுப்பு நாடுகளுக்கு மேலான அரசாங்கம் அல்ல. கலந்தாலோசித்து, அனைவரும் இணங்கினால்தான் முடிவு. எனவே, “ஆசியான் ஏன் செயல்படவில்லை?” என்று கேட்கும்போது, “எந்த நாடு இணங்கவில்லை?” என்றும் கேட்டுப் பாருங்கள்.