ரூ.1 லட்சம் செலவழித்தும் நடுங்கிய அம்பாசிடர்! என்ஜினைப் பிரிக்கப் போனார்கள். குற்றவாளி வெளியே இருந்தான்

சென்னை,

ஒரு லட்சம் ரூபாய் செலவு செய்து புதுப்பித்த என்ஜின். ரோட்டில் ஓடினால் ஒழுங்காக ஓடுகிறது. சிக்னலில் நின்றால் போதும், மலேரியா காய்ச்சல் வந்தவன் மாதிரி நடுங்குகிறது. "டக்... டக்..." என்று மிஸ் அடிக்கிறது. திடீரென்று அப்படியே ஆஃப் ஆகிவிடுகிறது. பின்னால் நிற்கும் பஸ் டிரைவர் ஹாரனை விட்டு கையை எடுப்பதில்லை.

2025-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இந்தச் சோதனையில் சிக்கியவர், மயிலாப்பூரில் வசிக்கும் ஓய்வு பெற்ற குமாஸ்தா ஒருவர்.

கார், 1968-ம் வருட அம்பாசிடர் மார்க்-2. அவருடைய அப்பா வாங்கியது. "அப்பா போயிட்டார். வண்டியாவது வீட்டுல இருக்கட்டும்னு நினைச்சேன். பென்ஷன் பணத்துல செலவு பண்ணிட்டு இப்ப முழிக்கிறேன் சார்" என்றார் நம்மிடம்.

முழிப்பதற்குக் காரணம் இருக்கிறது. 15 வருடம் தாண்டிய சொந்தக் காருக்கு 5 வருடத்துக்கு ஒரு தடவை ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். கெடு நெருங்கி விட்டது. அதற்குப் புகை சர்ட்டிபிகேட் வேண்டும். பெட்ரோல் கார் புகையை என்ஜினை ஐட்லிங்கில் விட்டுத்தான் அளக்கிறார்கள். ஐட்லிங்கே நிற்காத காரை எப்படிக் கொண்டு போவது?

மறுபடியும் ஆபரேஷனா?

வேலை செய்த மெக்கானிக் இளைஞர். ரீபோர் செய்து, பிஸ்டன், பேரிங் புதிதாகப் போட்டு, வால்வு உரசி, எல்லாம் சுத்தமாகத்தான் செய்திருந்தார். கார்புரேட்டரை மூன்று தடவை கழட்டி மாட்டியும் நடுக்கம் நிற்கவில்லை.

"3-வது, 4-வது சிலிண்டருக்கு நடுவுல ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். ஹெட்டைக் கழட்டணும் சார். இன்னும் ஒரு 12 ஆயிரம் ஆகும்" என்று சொல்லிவிட்டார்.

குமாஸ்தா இடிந்து போனார். யாரோ சொல்லி, புதுப்பேட்டையில் ஐம்பது வருடம் அம்பாசிடரோடு மாரடித்த பெரியவர் ஒருவரைக் கூட்டி வந்தார். "பாய்" என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். நாமும் கூடப் போனோம்.

விசாரணை ஆரம்பம்

பாய் ஸ்பேனரைத் தொடவில்லை. என்ஜினை ஓடவிட்டு ஐந்து நிமிஷம் சும்மா நின்று கேட்டார்.

பிறகு இன்சுலேஷன் பிடி போட்ட குறட்டால் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழட்டி எர்த்தில் வைத்தார். முதல் ஒயரை எடுத்ததும் என்ஜின் தடுமாறியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை எடுத்தார். பெரிய மாற்றம் இல்லை! நான்காவதும் அதே கதைதான். ஆக, நடுங்கும் நேரத்தில் 3-ம் 4-ம் சரியாக வேலை செய்யவில்லை என்பது ருசுவாகி விட்டது.

"அதான் பாய் நானும் சொல்றேன், ஹெட் கேஸ்கெட்" என்றார் இளைஞர்.

"அவசரப்படாதே தம்பி. சந்தேகப்பட்டவனை எல்லாம் ஜெயில்ல போட முடியுமா?"

முதல் சந்தேகம், பிளக் ஒயர் மாறியிருக்குமோ என்பது. இந்த 1489 சி.சி. என்ஜின் வெடிக்கும் வரிசை 1, 3, 4, 2. பார்த்தார், சரியாகவே இருந்தது.

அடுத்து பாயின்ட் இடைவெளி, 15 தௌ. அதாவது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு. பிளக் இடைவெளி, 25 தௌ. இரண்டும் சரி. "பாயின்ட் கெட்டா நாலும்தான் அழும். ரெண்டு மட்டும் அழாது" என்றார் பாய்.

பிறகு வால்வு. இடைவெளி 15 தௌ இருக்க வேண்டும். அதற்குப் பழைய மெக்கானிக்குகள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். கூட்டினால் 9 வர வேண்டும். 8-வது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது 1-வது வால்வைச் சரி பார். 3-வது திறந்திருக்கும்போது 6-வதைப் பார். மொத்தம் 8 வால்வையும் அப்படியே பார்த்து முடித்தார். அதிலும் குற்றம் இல்லை.

கடைசியாக கம்ப்ரஷன் கேஜ். நான்கு பிளக்கையும் கழட்டி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கச் சொல்லி, செல்ஃப் அடித்து அளந்தார். நான்கு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு!

ஹெட் கேஸ்கெட் 3-க்கும் 4-க்கும் நடுவில் போயிருந்தால் அந்த இரண்டிலும் முள் கீழே கிடக்கும். ஹெட் நிரபராதி! இளைஞர் வாயடைத்துப் போனார்.

கழட்டிய பிளக்குகளைப் பாய் வரிசையாக வைத்தார். 1-ம் 2-ம் பிஸ்கட் நிறம். 3-ம் 4-ம் வெள்ளை. பெட்ரோல் குறைந்து காற்று அதிகமானால்தான் இப்படி வெளுக்கும். எங்கிருந்தோ திருட்டுக் காற்று உள்ளே போகிறது!

தண்ணீரில் சிக்கியது

இந்த என்ஜினில் 1, 2 இரண்டுக்கும் ஒரே காற்று வழி. 3, 4 இரண்டுக்கும் ஒரே வழி. ஆகவே பின்பக்க வழியில் சந்து விழுந்தால் இரண்டு சிலிண்டரும் சேர்ந்தே பாதிக்கும்.

ஐட்லிங்கில் மட்டும் ஏன் தெரிகிறது? அப்போது கார்புரேட்டர் வாய் ஏறக்குறைய மூடியிருக்கும். உள்ளே உறிஞ்சும் வேகம் அதிகம், போகும் காற்றோ கொஞ்சம். அதில் சிறு சந்து வழியாக வருகிற காற்றே கலவையைக் கெடுத்துவிடும். ஆக்சிலேட்டர் மிதித்தால் காற்று ஏராளமாகப் போகிறது. அதில் இந்தத் திருட்டுக் காற்று தெரியாது.

சந்தைக் கண்டுபிடிக்க இளைஞர் பெட்ரோல் பாட்டிலை எடுத்தார். மேனிஃபோல்டு மீது தெளிப்பதற்கு!

பாய் கையைத் தட்டிவிட்டார். "கொளுத்திக்கப் போறியா? சைலன்சர் மேனிஃபோல்டும் இதே பக்கம்தான், கொதிச்சுக்கிட்டு இருக்கு."

மறுநாள் காலை, என்ஜின் ஆறிக் கிடந்தபோது ஸ்டார்ட் செய்து, சூடேறுவதற்குள் இஸ்திரிக்காரர் தண்ணீர் பாட்டிலால் மேனிஃபோல்டு ஓரத்தில் லேசாகத் தெளித்தார். சூடான இரும்பில் தண்ணீர் பட்டால் விரிசல் விழும் என்பதால்தான் இத்தனை காத்திருப்பு.

முன்பக்கம் தெளித்தபோது ஒன்றுமில்லை. பின்பக்கம் தெளித்ததும் "ஸ்ஸ்" என்று தண்ணீரை உறிஞ்சியது. நடுக்கம் இரண்டு நொடி நின்றது!

கையும் களவுமாகப் பிடிபட்டது மேனிஃபோல்டு. கழட்டி, அதன் முகத்தில் ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பார்த்தால் பின்கோடியில் வெளிச்சம் தெரிந்தது. பல வருட சூட்டில் வளைந்திருக்கிறது. என்ஜின் முழுக்கப் புதுப்பித்தவர்கள் பழைய மேனிஃபோல்டை அப்படியே மாட்டியிருக்கிறார்கள்.

லேத் பட்டறையில் முகத்தைச் சமப்படுத்தி, புது கேஸ்கெட் போட்டு, நட்டுகளை நடுவிலிருந்து ஆரம்பித்து கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார்கள். பாய் கூலி உள்பட மொத்தச் செலவு ரூ.2,500. பிழைத்தது ரூ.9,500.

பாய் சொல்லும் எச்சரிக்கை

பழைய கார் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருகி நடுக்கத்தை மறைக்காதீர்கள். முதலில் வால்வு, பாயின்ட், கம்ப்ரஷன், காற்றுக் கசிவு என்று வரிசையாகப் பாருங்கள். கார்புரேட்டர் கடைசி.

கார்புரேட்டர் அடி கேஸ்கெட், தேய்ந்த திராட்டில் ஷாஃப்ட், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வாக்குவம் குழாய் ஆகியவையும் காற்றைத் திருடும்.

இப்போது பங்குகளில் போடுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பருக்கு அது ஒத்துக்கொள்ளாது. பெட்ரோல் குழாய், பம்ப் டயாஃப்ரம் ஆகியவற்றை எத்தனால் தாங்கும் சரக்காக மாற்றுங்கள். ஓடிய 500 கிலோ மீட்டரில் ஹெட் நட்டு, மேனிஃபோல்டு நட்டு, வால்வு இடைவெளி மூன்றையும் மறுபடி பாருங்கள்.

மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓடவிட்டு டியூனிங் செய்யாதீர்கள். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஆளையே கொன்றுவிடும்.

குமாஸ்தாவுக்குப் புகை சர்ட்டிபிகேட் கிடைத்துவிட்டது. அன்று சாயந்திரம் லஸ் சிக்னலில் காரை நிறுத்தினார். பின்னால் பஸ். ஹாரன் அடிக்கத் தேவை வரவில்லை.