ரிட்டன் சரக்கு: கிரெடிட் நோட்டைக் கேட்டு வாங்குங்கள்

காலாவதிச் சரக்கை ஏஜென்சி வண்டியில் ஏற்றியதோடு வேலை முடிந்ததென நம்மில் பலர் இருந்துவிடுகிறோம். சரக்கு போய்விடும், பணம் வராது.

முதலில் அதை அலமாரியிலிருந்து எடுத்து, "விற்பனைக்கு அல்ல" என்று எழுதித் தனியே வையுங்கள். அனுப்பும்போது பொருள், பேட்ச் எண், அளவு, வாங்கிய பில் எண் ஆகியவற்றைக் குறித்துக் கையொப்பம் பெறுங்கள். பிறகு கிரெடிட் நோட்டை விடாமல் கேளுங்கள்.

இதற்குக் கெடு உண்டு. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி, 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை விற்ற சரக்குக்கான கிரெடிட் நோட்டை மொத்த வியாபாரி 2026 நவம்பர் 30க்குள் கணக்கில் காட்ட வேண்டும். ஆண்டுக் கணக்கை அதற்குமுன் தாக்கல் செய்தால், அந்த நாளே கெடு. தவறினால் அவர் தம் வரியைக் குறைக்க முடியாது. அந்தத் தொகையை நமக்குத் தரவும் தயங்குவார். அவர் குறைத்தால், நாம் எடுத்த வரி வரவையும் திருப்பிவிட வேண்டும்.

மாதம் ஒருநாள் இதற்கென ஒதுக்குங்கள்; முடங்கிய முதல் கைக்கு வரும்.