மெடிக்கல் அசிஸ்டன்ட்: பேர் ஒன்று, வேலை இரண்டு

ஜார்ஜ்டவுனில் மாலை ஏழு மணிக்கு மேல் எந்தக் கடைவீட்டுக் கிளினிக்கில் நுழைந்தாலும் நம்மிடம் முதலில் பேசுகிறவர் கவுண்டர் பெண்தான். மைகாட்டை வாங்கி எண்ணைத் தட்டுவார். "எந்தக் கம்பெனி பேனல், அண்ணே?" என்பார். அடுத்த நிமிடம் அழுகிற குழந்தைக்குக் காய்ச்சல் பார்த்துக்கொண்டிருப்பார். மேடானிலிருந்து வந்த பாட்டிக்கு மலாயில் பதில், பக்கத்துக் கடைத் தவுக்கேக்கு ஹொக்கியனில் பதில். இடையில் தட்டில் மாத்திரையைக் கொட்டி, பட்டைக் கரண்டியால் ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணி, சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டு, "மூணு வேளை, சாப்பாட்டுக்கு அப்புறம்" என்று நீட்டுவார். நோயாளிகள் அவரை 'நர்ஸ்' என்றே கூப்பிடுகிறார்கள். அவர் நர்ஸ் இல்லை. அதைத் திருத்த அவருக்கு நேரமும் இல்லை.

இந்த வேலைக்கு அமெரிக்காவில் 'மெடிக்கல் அசிஸ்டன்ட்' என்று பெயர். மலேசியாவில் அந்தப் பெயர் வேறொருவருக்கு உரியது. பெற்றோர் பணத்தை விடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இங்கே மெடிக்கல் அசிஸ்டன்ட் என்றால் 1977ஆம் ஆண்டின் மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டத்தின்கீழ் (சட்டம் 180) பெயர் பதிந்தவர். மலாயில் முன்பு 'பெம்பந்து பெருபாத்தான்'; இப்போது 'பெனோலோங் பெகாவாய் பெருபாத்தான்', சுருக்கமாகப் பி.பி.பி. மூன்று ஆண்டு டிப்ளோமா முடித்தால்தான் அந்தப் பதிவேட்டில் இடம் கிடைக்கும். பினாங்குப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் உடைந்த கையோடு போய் நின்றவர்களுக்கு இவர்களைத் தெரியும். வருகிறவர்களில் யாரை முதலில் உள்ளே அனுப்புவது என்று பிரிப்பது, காயத்துக்குத் தையல் போடுவது, மாவுக்கட்டு கட்டுவது, ஆம்புலன்சில் ஓடுவது எல்லாம் இவர்கள் வேலை. 2010 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே மலேசியா' கிளினிக்குகளை நினைவிருக்கும். ஒரு வெள்ளிக்கு வைத்தியம் பார்த்த அந்தக் கிளினிக்குகள் டாக்டர் இல்லாமல், இவர்களையும் தாதியரையும் நம்பியே திறக்கப்பட்டன. டாக்டர்கள் சங்கம் அதற்கு எதிர்ப்புத் தெரிவித்தது தனிக் கதை.

நம்மவர்களுக்கு இந்த உத்தியோகம் புதிதல்ல. தோட்டத்தில் பிறந்த எந்தப் பெரியவரைக் கேட்டாலும் 'டிரெசர் ஐயா' கதை ஒன்று வைத்திருப்பார். வெள்ளைக்கார டாக்டர் எப்போதோ ஒருமுறை காரில் வந்து போவார். பிரசவம், பாம்புக்கடி, மலேரியா, பால்வெட்டுக் கத்தி கிழித்த விரல் எல்லாவற்றுக்கும் டிரெசர்தான். அவர்களுக்கென்று 1965இல் தோட்ட மருத்துவமனை உதவியாளர் பதிவுச் சட்டமே வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் பிறைக்கும் புக்கிட் மெர்தாஜாமுக்கும் பெயர்ந்த பிறகும் அந்தப் பதவியின் மரியாதை மனத்தில் அப்படியே தங்கிவிட்டது. 'மெடிக்கல் அசிஸ்டன்ட்' என்று விளம்பரத்தில் பார்த்ததும் தாத்தாவின் தலைமுறை டிரெசர் நினைவுக்கு வருகிறார்.

கல்விக் கண்காட்சிகளில் நடக்கும் பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் போகும்.

"ஆறே மாசம்தான் அக்கா. முடிச்ச கையோட வேலை."

"எந்த ஆஸ்பத்திரியில தம்பி?"

"எங்க வேணும்னாலும் போகலாம் அக்கா."

"அப்போ ஆம்புலன்ஸ்ல போற வேலைதானே?"

தம்பி அடுத்த பக்கத்தைப் புரட்டிக் காட்டுவார்.

ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ முடியும் சான்றிதழ் எதுவும் ஒருவரைச் சட்டம் 180இன் பதிவேட்டில் ஏற்றாது. அது கிளினிக் உதவியாளர் வேலைக்கான பயிற்சி. அதில் கேவலம் ஒன்றுமில்லை. அந்தக் கவுண்டர் பெண் இல்லாவிட்டால் டாக்டரே திணறிப்போவார். ஆனால் இணையத்தில் தேடுகிற பிள்ளைகள் படிப்பது பெரும்பாலும் அமெரிக்கக் கதையை. அங்கே ஓராண்டுக்குள் முடியும் சான்றிதழ்ப் படிப்பு ஏராளம். 2024இல் மெடிக்கல் அசிஸ்டன்டின் இடைநிலைச் சம்பளம் ஆண்டுக்குச் சுமார் 44 ஆயிரம் டாலர். அதை நாலால் பெருக்கிப் பார்த்துவிட்டு இங்கே முன்பணம் கட்டுவதுதான் வம்பு.

இங்கே நிலைமை என்ன? தனியார் கிளினிக்குகளில் இந்த வேலைக்குச் சேர எந்தச் சான்றிதழும் கட்டாயமில்லை. எஸ்.பி.எம். முடித்த பெண்ணை எடுத்து, மூத்த அக்கா ஒருவர் பக்கத்தில் நிறுத்திக் கற்றுக்கொடுப்பதே நடைமுறை. மருந்து எடுத்துக் கொடுப்பதும் டாக்டரின் நேரடிக் கண்காணிப்பில்தான். 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டம் அப்படித்தான் அனுமதிக்கிறது. கையில் சான்றிதழ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொறுப்பு டாக்டருடையது. ஆகவே சான்றிதழுக்காகக் கூடுதல் சம்பளம் தரவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

கொடுக்க மனம் இருந்தாலும் கை இடம் கொடுக்காது. சாதாரண கிளினிக் டாக்டர் வாங்கக்கூடிய ஆலோசனைக் கட்டணத்தை 2006ஆம் ஆண்டு விதிமுறை 10 முதல் 35 வெள்ளிக்குள் வைத்தது. நெடுங்காலம் அது அசையவேயில்லை. கடை வாடகையும் மருந்து விலையும் ஏறிக்கொண்டே போக, கவுண்டர் சம்பளம் குறைந்தபட்ச ஊதியத்தை ஒட்டியே நகர்ந்ததில் வியப்பில்லை.

அந்தக் குறைந்தபட்ச ஊதியம் 2025 பிப்ரவரி முதல் 1,700 வெள்ளி. ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் சிறு முதலாளிகளுக்கு அவ்வாண்டு ஆகஸ்டிலிருந்து. இதை வைத்து ஒரு கணக்குப் போடலாம். ஆறு மாத முழுநேரச் சான்றிதழ், கட்டணம் 4,000 வெள்ளி என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். செலவு நாலாயிரம்தானே என்று தோன்றும். ஆனால் அந்த ஆறு மாதம் வேலைக்குப் போயிருந்தால் 10,200 வெள்ளி வந்திருக்கும். முதலாளி பங்கு ஊழியர் சேமநிதி தனி. ஆக உண்மையான விலை 14,200. சான்றிதழ் காட்டியதற்காக மாதம் 200 வெள்ளி கூடக் கிடைத்தாலும் போட்டதை எடுக்க 71 மாதம், கிட்டத்தட்ட ஆறு வருடம் ஆகும். அதே பெண் வேலை செய்துகொண்டே வாரக் கடைசியில் படித்தால் 20 மாதத்தில் கணக்குத் தீர்ந்துவிடும். படிப்பின் பெயரைவிடப் படிக்கும் நேரம்தான் இங்கே காசு.

இன்னொரு வழி இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. மனிதவள அமைச்சின் கீழுள்ள திறன் மேம்பாட்டுத் துறை, மலேசியத் திறன் சான்றிதழை (எஸ்.கே.எம்.) வகுப்புக்கே போகாமல், வேலை அனுபவத்தை ஆதாரத்தோடு காட்டியும் வாங்க இடம் வைத்திருக்கிறது. தங்கள் வேலைக்கு அந்தத் துறையில் தரநிலை இருந்தால், பல வருடம் கவுண்டரில் நின்றவர்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

பி.பி.பி. டிப்ளோமாவின் கணக்கு வேறு மாதிரி. எஸ்.பி.எம்.மில் ஐந்து கிரெடிட் வேண்டும். மலாய், கணிதம், ஓர் அறிவியல் பாடம் அதில் அடக்கம். சுகாதார அமைச்சின் சொந்தப் பயிற்சிக் கழகங்களில் இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆனால் போட்டி கடுமை. தனியார் கல்லூரி என்றால் பல பத்தாயிரம் வெள்ளி. மூன்று ஆண்டு சம்பளத்தை விடுவது மட்டுமே 61,200. பி.டி.பி.டி.என். கடனுக்கு ஆண்டுக்கு 1 விழுக்காடு சேவைக் கட்டணம் உண்டு. 20,000 வெள்ளியைப் பத்தாண்டில் அடைத்தால் 2,000 கூடுதல். இவ்வளவும் கொடுத்து வாங்குவது பதிவேட்டில் ஓர் எண். அந்த எண் அரசாங்க ஆஸ்பத்திரிக் கதவை மட்டும் திறப்பதில்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளின் உள் கிளினிக்குகள், எண்ணெய் மேடைகள், ரத்தச் சுத்திகரிப்பு மையங்கள் எல்லாம் இவர்களைத் தேடுகின்றன. நாட்டில் டயாலிசிஸில் இருப்பவர்கள் ஏறக்குறைய 50 ஆயிரம் பேர். அந்தச் சிறப்புப் பயிற்சியும் பெற்ற பி.பி.பி.க்கு வேலை தேடி அலைய வேண்டியிருக்காது.

ஆனால் டிப்ளோமா என்பதற்காகவே கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திட வேண்டாம். 2010 வாக்கில் தாதியர் டிப்ளோமாவுக்குத் தனியார் கல்லூரிகள் கூட்டம் கூட்டமாக ஆள் சேர்த்தன. அரசாங்கம் புதிய படிப்புகளை நிறுத்தி, நுழைவுத் தகுதியை ஐந்து கிரெடிட்டாக உயர்த்துவதற்குள், படித்து முடித்த பலர் வேலை கிடைக்காமல் கடனோடு நின்றார்கள். பேரங்காடி கல்லாவில் வேலை பார்த்தபடி தாதியர் கடன் கட்டிய பெண்கள் அந்தக் காலத்தில் நம் குடும்பங்களிலும் உண்டு.

பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு நம் யோசனையைக் கேட்டால்: ஐந்து கிரெடிட் இருந்து, ரத்தம் பார்த்தால் மயக்கம் வராது என்றால் பி.பி.பி. டிப்ளோமாவுக்கே விண்ணப்பியுங்கள், அரசாங்க இடத்துக்கு முதலில். கிரெடிட் போதவில்லை என்றால் கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்துகொண்டு படியுங்கள். வேலையை விட்டுவிட்டு, கடன் வாங்கி, முழுநேரச் சான்றிதழ் படிப்பதற்கு நல்ல காரணம் எதுவும் தென்படவில்லை.

எதில் சேர்ந்தாலும், முன்பணம் கட்டுவதற்குள் இரண்டு காரியம் செய்துவிடுங்கள். கல்லூரியின் பெயரும் படிப்பின் பெயரும் எம்.கியூ.ஏ. தகுதிப் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். திறன் சான்றிதழ் என்றால் திறன் மேம்பாட்டுத் துறையிடம் அந்த மையத்தின் அங்கீகாரத்தை விசாரியுங்கள். பிறகு கல்லூரிக்காரரிடம், "இதை முடித்தால் சட்டம் 180இல் பதியலாமா?" என்று எழுத்தில் பதில் கேளுங்கள்.